முதல் வெள்ளியும் நாற்பது கோப்பையும்

சேசு மரி சூசை
சித்தூர், 14-8-42

அன்புள்ள ஐரினுக்கு,

இங்கே நான் நலம். நீயும் அப்பாவும் நலமா? எங்கோ தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள் என்று நாலைந்து நாளாகத் தபாலே வரவில்லை. இன்று மொத்தமாக வந்தது. அதில் உன் கடிதம் இல்லை. அம்மாவின் கடிதம் இருந்தது. அதைப் படித்த பிறகு ஆபீஸில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

போன வாரம், மாதத்து முதல் வெள்ளி, எட்டு மணிப் பூசையில் நீ தேவநற்கருணை நன்மை வாங்கினாயாம். கோவிலை விட்டு வெளியே வரும்போது உன் வாயில் டீ வாசனை அடித்ததாம். என்னடி என்று அம்மா கேட்டதற்கு, காலையில் நாற்பது கோப்பை ருசி பார்த்துவிட்டு வந்தேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாயாம். நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்து நன்மை வாங்குகிற குடும்பங்கள் நம்முடையவை. அம்மா கோவில் உபதேசியார் மகளைக் கொண்டு எழுதவைத்ததை அப்படியே தருகிறேன்: "நாப்பது கோப்பை டீய உள்ள தள்ளிக்கினு வந்து ஆண்டவர வாங்கிக்கினா. கேட்டா சிரிக்கிறா. இந்தப் பொண்ணுதான் வேணுமான்னு நல்லா யோசிச்சுக்கோ."

இன்னொன்றும் எழுதியிருக்கிறார்கள். உன் கம்பெனியின் அடையாறு பங்களாவில் துரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நீ சத்தமாக உறிஞ்சுகிறாயாம், படிக்கத்தில் துப்புகிறாயாம். நீ அங்கே டைப் அடிக்கிறாய் என்றல்லவா நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ வேண்டுமென்று செய்திருக்கமாட்டாய், மறந்திருப்பாய். பங்குச் சுவாமியாரிடம் போய் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்துவிடு, தீர்ந்தது. வேலையையும் விட்டுவிடு. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்தால் கல்யாணம். எப்படியும் விடவேண்டிய வேலைதானே.

உன்,
வால்டர்


சே. ம. சூ.
மயிலாப்பூர், 20-8-42

அன்புள்ள வால்டர் அவர்களுக்கு,

மறந்திருப்பாய் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒன்றையும் மறக்கவில்லை. நடந்ததை நானே சொல்கிறேன். அத்தை சொன்னதோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று உங்கள் ஆபீஸைச் சித்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்களே, அதே பயத்தில் எங்கள் கம்பெனியும் துறைமுகத்துக் கிடங்கை விட்டு அடையாற்றுக்கு வந்தது. ருசி பார்க்கிற சின்ன துரை பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். பெரியவர் கார்விக் துரைக்குத் தீராத மூக்கடைப்பு. டீக்கும் கஷாயத்துக்கும் வித்தியாசம் தெரியாத நிலைமை. அவர்கள் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவள் நான். மே மாதத்திலிருந்து நான் ருசி பார்க்கிறேன், துரை எழுதிக்கொள்கிறார். உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் இப்போது எழுதியிருக்கிற இந்தக் கடிதத்தை மே மாதமே எழுதியிருப்பீர்கள்.

வேலை இதுதான். வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாலணாக் காசின் எடைக்குத் தூள். தண்ணீர் முதல் கொதி வந்த கையோடு ஊற்றி மூட வேண்டும். கொதித்துக் கொதித்து அலுத்த தண்ணீர் ஆகாது, டீ சப்பென்று போய்விடும். மணல் கடிகாரம் ஓடி முடிந்ததும் சாயத்தை வடித்துக் கரண்டியால் எடுத்து உறிஞ்ச வேண்டும். சத்தம் வராமல் உறிஞ்சினால் பிரயோஜனமில்லை. காற்றும் டீயும் சேர்ந்து மேல் அண்ணத்தில் அடித்தால்தான் துவர்ப்பு எவ்வளவு, மணம் எவ்வளவு, தூள் புதுசா பழசா என்று தெரியும். கன்னியர் மடத்துப் பள்ளியில் சூப்பைச் சத்தமில்லாமல் குடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அதை மறக்கத்தான் எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

உறிஞ்சியதைத் துப்பிவிட வேண்டும். விழுங்கவே கூடாது. விழுங்கினால் பத்தாவது கோப்பையில் நாக்கு மரத்துவிடும், நாற்பதாவதில் ஆளே சாய்ந்துவிடுவாள். அன்று முந்தின ராத்திரிதான் சரக்கு வந்தது. பட்டாளத்துக்குப் போகிற டீ, காலையிலேயே பதில் தந்தி அடிக்க வேண்டும். ஆறு மணிக்கு ருசி பார்த்தேன், துப்பினேன், வாய் கொப்பளித்தேன், கரிவாயுவில் ஓடுகிற பஸ் பிடித்துப் பூசைக்கு வந்தேன். துப்பியதைக் குடித்தேன் என்று யாராவது சொல்வார்களா?

பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் வீட்டில் யாரும் பல் விளக்கி வாய் கொப்பளிக்காமலா பூசைக்கு வருகிறீர்கள்? அது எனக்குப் புதுச் செய்தி.

சுவாமியார் கூப்பிட்டனுப்பினார். தேவதுரோகம் செய்தேன் என்று சங்கீர்த்தனம் பண்ணு என்றார். செய்யாத பாவத்தைச் செய்தேன் என்று சங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டுச் சொன்னால் அது பொய்யாகாதா சுவாமி என்று கேட்டேன். "உனக்கு வாய் நீளம்" என்றார். வேலையை விட்டுச் சங்கீர்த்தனம் செய்கிறவரை நன்மை கிடையாதாம்.

இதோடு அனுப்புகிற பொட்டலத்தில் கொஞ்சம் டீத்தூள் வைத்திருக்கிறேன். நல்ல கலவை, காலை வேளைக்கு. பீங்கான் ஜாடி இருந்தால் முதலில் வெந்நீர் விட்டு அலசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பிறகு தூள், அதன் மேல் கொதிநீர், மேலே மூடி. பால் கடைசியில், கோப்பையில். தயவுசெய்து அடுப்பில் வைத்துக் காய்ச்சிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஐரின்


சே. ம. சூ.
சித்தூர், 29-8-42

அன்புள்ள ஐரினுக்கு,

உன் கடிதமும் பொட்டலமும் வந்தன. என் அறையில் கூட இருக்கிற ஸ்ரீனிவாசராகவன் காப்பி தவிர வேறெதையும் தொடாத மனுஷர். ஆனாலும் உதவி செய்கிறேன் என்று பால், சர்க்கரை, தூள் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு நான் குளித்துவிட்டு வருவதற்குள் காய்ச்சி இறக்கிவிட்டார். செங்கல் கலர். குடித்தோம். இப்போது மிச்சம் பாதிப் பொட்டலம்தான் இருக்கிறது.

நீ சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அம்மாவைப் பார்த்துப் பங்கில் எல்லோரும் கேட்கிறார்களாம். கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிச் சுவாமியாரிடம் நான் போகமாட்டேன் என்று அம்மா கண்டிப்பாக எழுதிவிட்டார்கள். நீ வேலையை விட்டால் போகிறார்களாம்.

யோசித்துப் பார். யுத்தம் முடிந்து சின்ன துரை திரும்பி வந்தால் உன்னை மறுபடி டைப் மெஷினுக்கு முன்னால் உட்காரவைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட வேலைக்காகவா இவ்வளவும்? பாம்பும் சாக வேண்டும், கோலும் முறியக்கூடாது. சங்கீர்த்தனத்தில் டீ, துப்பினது என்றெல்லாம் சொல்லாமல், பெரியவர்கள் மனம் நோக நடந்தேன் என்று பொதுவாகச் சொல். சுவாமியார் தனக்கு வேண்டியபடி எடுத்துக்கொள்வார்.

உன்,
வால்டர்


சே. ம. சூ.
மயிலாப்பூர், 5-9-42

வால்டர் அவர்களுக்கு,

நேற்று முதல் வெள்ளி. சரக்கு ஒன்றும் வரவில்லை, அதனால் வெறும் வாயோடுதான் போனேன். பீடத்துக்கு முன்னால், பெண்கள் பக்கம் கிராதியில் முழங்கால் போட்டேன். அத்தை எனக்கு இரண்டு பேர் தள்ளி. சுவாமியார் ஒவ்வொருவராக வந்தார். என் தாடைக்குக் கீழே நன்மைத் தட்டு வந்தது, கொஞ்சம் நின்றது, பக்கத்துப் பெண்ணிடம் நகர்ந்துவிட்டது.

எழுந்து போயிருக்கலாம். பின்னால் அத்தனை பேரும் நான் எழுந்து போவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழவில்லை. எல்லோரும் வாங்கிக்கொண்டு இடத்துக்குத் திரும்பிய பிறகும், பூசை முடிந்து மெழுகுதிரி அணைக்கிறவரைக்கும் அங்கேயே இருந்தேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது.

ஒன்பது முதல் வெள்ளி விடாமல் நன்மை வாங்குகிற இந்த நேர்ச்சை யாருக்காக என்று நீங்கள் கேட்டதே இல்லை. ஆபீஸ் உங்களை எங்கே கொண்டுபோய் விடுமோ என்று ஊரே ஓடிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தேன். உங்களுக்காகத்தான். நேற்று அது அறுந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பொதுவாகச் சொல் என்கிறீர்கள். சுவாமியார் வேண்டியபடி எடுத்துக்கொள்வார், அத்தை வேண்டியபடி எடுத்துக்கொள்வார்கள், கடைசியில் நான் குடித்துவிட்டு வந்தவள் என்றாகும். கூப்பிட்டனுப்பிய அன்று சுவாமியார் என்னிடம் நேராகவே கேட்டார்: "ஒரு துளிகூட உள்ளே போகவில்லை என்று சத்தியம் பண்ணுவாயா?" மாட்டேன் என்றேன். எச்சிலோடு ஒரு துளி போயிருக்கும். வாய் கொப்பளிக்கும்போது எல்லோருக்கும் போகிற துளிதான். அதை ஒத்துக்கொண்டதே எனக்கு விரோதமாகப் போயிற்று. இல்லவே இல்லை என்று துணிந்து புளுகியிருந்தால் நல்ல பெண் ஆகியிருப்பேன்.

வேலையைப் பற்றி. சின்ன துரை வரட்டும். இரண்டு பேரும் ஒரே வரிசைக் கோப்பைகளை ருசி பார்க்கிறோம், யார் சொல்வது சரி என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். சின்ன வயதிலிருந்து என் வாயைப் பற்றி யாரும் நல்லதாக ஒன்று சொன்னதில்லை. வாயாடி, வாய் நீளம், வாயை மூடு. இப்போது இந்த வாய் ஒரு வேலை செய்கிறது. நீலகிரித் தூளில் அஸ்ஸாமை எவ்வளவு சேர்த்தால் பால் விட்ட பிறகும் டீ நிற்கும் என்று நான் சொல்கிறபடிதான் கலக்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. யுத்தம் முடிகிறவரை இருக்கட்டும், ஒரு வருஷம் இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் இதைக் கேட்கவே இல்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

ஸ்ரீனிவாசராகவனைப் பொட்டலத்தின் பக்கம் விடாதீர்கள்.

ஐரின்


சே. ம. சூ.
சித்தூர், 21-9-42

அன்புள்ள ஐரினுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நேர்ச்சை எனக்காக என்று தெரியாது. என்ன எழுதுவதென்று தெரியாமல் இத்தனை நாள் போய்விட்டது.

ஒரு சங்கதி சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள சுவாமியார் நாங்கள் தங்கியிருக்கிற வீட்டுக்கு வந்தார். எழுபது வயதிருக்கும், தெலுங்கு கலந்த தமிழ். வீட்டுக்காரரிடம் பீங்கான் ஜாடி கடன் வாங்கி, நீ எழுதியபடியே அலசி, முதல் கொதியில் ஊற்றி, மூடிவைத்து, பால் கடைசியில் விட்டுக் கொடுத்தேன். ஸ்ரீனிவாசராகவன் கதவோரம் நின்று பார்த்தார். சுவாமியார் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது கோப்பை அவரே கேட்டு வாங்கினார். எனக்கே ஆச்சரியம். டீ என்பது இதுதான் என்றால் இத்தனை நாள் குடித்தது என்ன?

அந்தத் தைரியத்தில், யாரோ ஒரு பெண்ணுக்கு நடந்தது மாதிரி உன் விஷயத்தைக் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் டீ அங்கியில் கொட்டியது. "சமையல்காரன் உப்புப் பார்த்துத் துப்பினா உபவாசம் போயிடுமா நாயனா? விழுங்கினாத்தான் போகும். எச்சிலோட போறதுக்குக் கணக்கே இல்ல. எந்த சாமியாரு அந்தப் பிள்ளைய நிறுத்தி வெச்சது?" என்றார். நான் பெயர் சொல்லவில்லை.

ஆக உன் பேரில் தப்பில்லை. எனக்கு மனது லேசாகிவிட்டது. ஆனால் இதை அம்மாவிடமும் நம் சுவாமியாரிடமும் சொல்லப்போவதில்லை. வயதானவர்கள், வீணாக முகம் கோணுவார்கள். உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதாதா? நான் சொன்ன மாதிரி பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடு. ஓலை வாசித்துவிடுவார்கள்.

உன்,
வால்டர்


மயிலாப்பூர், 3-10-42

மகாராஜராஜஸ்ரீ வால்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. உடனே எழுதினால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன் என்று பேசாமல் இருந்தேன். நேற்று மறுபடி முதல் வெள்ளி. மறுபடி தட்டு என்னைத் தாண்டிப் போயிற்று. இந்தத் தடவை அத்தை எனக்குப் பக்கத்திலேயே முழங்கால் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு என் பேரில் தப்பில்லை என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எட்டு மணிக்குச் சித்தூரில் சுகமாக உட்கார்ந்திருந்தீர்கள்.

நான் தப்பு செய்தேன் என்று நீங்கள் நினைத்தபோது எனக்கு வருத்தம்தான், தாங்கிக்கொண்டேன். தெரிந்துகொண்டும் பேசமாட்டேன் என்கிறீர்களே, இதை என்னால் தாங்க முடியவில்லை. யாரோ ஒரு பெண் என்று சொன்னீர்களாம். சரி, யாரோ ஒரு பெண்ணாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

மோதிரத்தைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நீங்கள் அத்தையிடமும் சுவாமியாரிடமும் சொல்கிறவரை எனக்கு எழுத வேண்டாம். ஜனவரிக்கு வேறு பெண் பார்த்தாலும் எனக்கொன்றுமில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். இருந்தாலும் இதில் நான் இறங்கிவரமாட்டேன்.

ஆ. ஐரின்


சே. ம. சூ.
சித்தூர், 8-11-42

ஐரின்,

வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்தும் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியேறிவிட்டேன். ஒரு நாள் லீவுதான் கிடைத்தது. காட்பாடியில் வண்டி தவறினால் மறுநாள் ஆபீஸுக்கு வர முடியாது. அதோடு, நீ எழுதாதே என்றவள், பேசாதே என்றும் சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருந்தது.

அம்மாவிடம் வியாழன் ராத்திரி வந்து இறங்கியதுமே சொல்லிவிட்டேன். "இன்னாடா, டீய குடுத்து மயக்கிட்டாளா?" என்று அழுதார்கள். மறுநாள் பூசைக்கு முன்னால் சுவாமியாரைப் பார்த்தேன். இங்கே கேட்டதைச் சொன்னேன், யாரோ ஒரு பெண் என்று சொல்லவில்லை, நான் கல்யாணம் செய்யப்போகிற பெண் என்று சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "சித்தூர் சுவாமியாருக்குச் சித்தூர். இது என் பங்கு" என்றார். மேற்றிராணியாருக்கு, பிஷப்புக்கே, எழுதிக் கேட்கிறேன், பதில் வரும்வரை என் தீர்ப்புதான் தீர்ப்பு என்றார். சரி சுவாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு தடவை எதிர்த்து நின்றதே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நீ மூன்று மாதமாக இதை எப்படிச் செய்கிறாய் என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் கோவிலில் நடந்ததை யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். நான் எழுதினால் பெருமை பேசுகிற மாதிரி இருக்கும்.

நீ பதில் எழுதுவாயா?

வால்டர்


சே. ம. சூ.
மயிலாப்பூர், 13-11-42

என் அன்புள்ள வால்டர்,

யாராவது சொல்லியிருப்பார்கள் என்றா எழுதுகிறீர்கள்? மயிலாப்பூரில் சொல்லாதவர்கள் யார் என்று கேளுங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். தட்டு வந்ததும் நகர்ந்ததும் எனக்குப் பழகிவிட்டது, கண்ணைத் திறக்காமலே தெரியும். அதற்கப்புறம் ஆண்கள் பக்கத்தில் ஏதோ தடங்கல் மாதிரி அமைதி. என்னவென்று தெரியாமல்தான் வீட்டுக்கு வந்தேன்.

அன்று பத்து மணிக்கு அத்தை வந்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என் புள்ளைக்கு ஆண்டவரு வேணாமாம்டி. சாமியாரு அவன் முன்னால நன்மைய தூக்கினு நிக்கறாரு, இவன் வாயத் தொறக்கமாட்டேன்றான். அவளுக்குக் குடுத்துட்டு வாங்கன்னு தலைய ஆட்டறான். ஊரே பாத்துக்கினு கீது" என்று கத்தினார்கள். எனக்கு அப்போதுதான் தெரியும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆசைதீர அழுதேன். இந்த மூன்று மாதத்தில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன்.

திரும்பி வந்தால் அத்தை போகவில்லை, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். "அப்படி இன்னாதான் பண்றே அங்க? எனக்குக் காட்டு" என்றார்கள். அன்றைக்கு மத்தியானம்தான் எனக்கு வேலை. வீட்டுக் கோப்பைகளை வரிசையாக வைத்து, தூள் போட்டு, கொதிநீர் ஊற்றி, உறிஞ்சித் துப்பிக் காட்டினேன். அவர்களும் கரண்டியை வாங்கி உறிஞ்சிப் பார்த்தார்கள். புரை ஏறிக் கண்ணெல்லாம் தண்ணீர். மறுபடி முயற்சி செய்தார்கள், மறுபடி உள்ளே போய்விட்டது. மூன்றாம் தடவை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மிச்சமிருந்த கோப்பையில் பால் விட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

"நான் முழுங்கிட்டேன். நீ முழுங்கல. பாத்துட்டேன்" என்றார்கள். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "ஆனா அன்னிக்கு சிரிச்சே பாரு, எனக்கு அதுதாண்டி பொறுக்கல" என்றார்கள். அவர்கள் பயந்து போய்க் கேட்டிருக்கிறார்கள், நான் பதிலுக்குச் சிரித்திருக்கிறேன். அது தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தை என்றேன். அது ஒன்றுக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். அவர்களும் வேறெதற்கும் கேட்கச் சொல்லவில்லை. ஓலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. போகும்போது கொஞ்சம் தூள் கட்டித் தரச் சொன்னார்கள்.

மோதிரத்தை அப்பாவிடம் திருப்பி வாங்கிப் போட்டுக்கொண்டேன். எடுத்துக்கொடுக்கும்போது மட்டும் அவர் சிரித்தார்.

சுவாமியார் மேற்றிராணியாருக்கு எழுதிவிட்டாராம். பதில் எப்போது வருமோ, என்னவென்று வருமோ. ஓலை ஜனவரிக்கு முன்னால் வாசிக்காவிட்டால் மார்ச்சில் வருகிற தவசுகாலத்துக்கு முன்னால் வாசிக்கட்டும், இல்லாவிட்டால் பாஸ்கு கழிந்து மே மாதம். நான் காத்திருப்பேன். நீங்களும் காத்திருப்பீர்களா என்று முன்பு கேட்டிருப்பேன், இப்போது கேட்கவில்லை.

டிசம்பர் நாலாம் தேதி முதல் வெள்ளி. அன்றைக்கு விடியற்காலை பெரிய சரக்கு இருக்கிறது, அறுபது கோப்பை ஆகும். கார்விக் துரைக்கு விஷயம் எப்படியோ எட்டியிருக்கிறது. வேண்டுமானால் சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாமே மிஸ் ஐரின் என்றார். வேண்டாம், வெள்ளியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அறுபதையும் ருசி பார்த்துத் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, எட்டு மணிப் பூசைக்கு வருவேன். அதே இடத்தில் முழங்கால் போடுவேன். முடிந்தால் லீவு எடுத்துக்கொண்டு வாருங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான்.

சுவாமியார் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் பாடு. நான் வாயைத் திறந்துதான் வைத்திருப்பேன்.

உங்கள்,
ஐரின்